அச்சு துடைத்த துணி

ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறவர்களில் பாதிப் பேர் அழுக்குப் பயல்கள். நான் அப்படியில்லை. எங்கள் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் எல்க் மான் வேட்டைக்குப் போகிற எவனை வேண்டுமானாலும் கேளுங்கள், 'வெர்னோட அச்சுல மொகம் பாக்கலாம்' என்பான்.

அச்சின் இரண்டு பாதிக்கும் நடுவே பொட்டளவு ஈயம் ஒட்டினாலும் போச்சு. அச்சு சரியாக மூடாது, குண்டின் ஓரத்தில் பிசிறு முளைக்கும். அதனால் சூடு இருக்கும்போதே பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்துவிடுவேன். ஈயம் ஊற்றுகிற கரண்டி மூக்கில் கசடு கட்டினால் கம்பி நாரால் தேய்த்து, அதையும் அதே துணியால் துடைப்பேன். வீட்டுக்குப் பின்னால் நான் குண்டு வார்க்கிற கொட்டகைக்குள் காபி கூடாது. செருப்பு வாசலோடு சரி. வெளியே வந்ததும் நகக்கண் வரைக்கும் சோப்பு. சுத்தம் சோறு போடும் என்று நம்புகிற ஆள் நான்.

மார்ச்சில் என் மகள் ட்ரூடி புருஷனை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது முதல் நாளே கறாராகச் சொன்னேன், குழந்தை கொட்டகைப் பக்கமே வரக்கூடாது என்று. குழந்தை பேர் எல்சி. நாலு மாசம் கழித்து, ஒரு வயசுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஈயம் பதினாலு என்று வந்தது. மூன்றரைக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டுமாம்.

மறு சனிக்கிழமையே சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"குழந்த கொட்டகைக்கு வந்ததே இல்லயா சார்?"

"வாசப்படி தாண்டல. வேணும்னா அங்க தரையில சோறு போட்டுச் சாப்பிட்டுப் பாருங்க, அவ்ளோ சுத்தம்."

அவள் சிரிக்கவில்லை. "அச்சு தொடைக்கிற துணிய என்ன பண்றீங்க? தூக்கிப் போட்டுருவீங்களா?"

"நல்ல துணிய எவனாவது தூக்கிப் போடுவானா? சனிக்கிழமையானா தொவச்சிருவேன்."

"எதுல?"

பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் சுவரோரம் சலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ட்ரூடி எழுந்துபோய் அதை நிறுத்தினாள். மூடியைத் திறந்து என் அச்சுத் துணிகள் நாலைந்தை எடுத்துத் தரையில் போட்டாள். பிறகு எல்சியின் மஞ்சள் போர்வையை எடுத்தாள். துணி துவைக்கிற வேலையை ட்ரூடியிடமிருந்து நானேதான் வாங்கிக்கொண்டேன். பாவம், பிள்ளை அலுத்துப்போய் வந்திருக்கிறாளே என்று.

"அப்பா, அந்தப் போர்வ ஓரத்தச் சப்பாம அவ தூங்கமாட்டா. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தினமும் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"தனித்தனியா போட்டா தண்ணி வீணாவுமேன்னு..." என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

"நல்லா தொவச்சா போயிருமே?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"போகாது. மெஷினெல்லாம் பரவியிருக்கும். இதுல தொவச்ச எதுவும் குழந்த மேல படவேணாம். குழந்தையக் கொஞ்ச நாள் வேற எங்கயாவது வச்சுக்குங்க."

"அவ ரத்தத்துல இருக்கறதுக்கு என்ன குடுக்கணும்?"

"இந்த அளவுக்கு மருந்து குடுக்கமாட்டாங்க சார். பாலு, இரும்புச்சத்து. ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட். தானா எறங்கும்."

"முழுசா?"

"கொஞ்சம் எலும்புல தங்கிரும்."

"மூளைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"இப்பவே யாராலயும் சொல்ல முடியாது."

எந்த இரும்பில் எந்தக் கறை படிந்தாலும் எதைப் போட்டால் போகும் என்று நாற்பது வருஷமாக ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான்.

சாயங்காலத்துக்குள் ட்ரூடி கிளம்பிவிட்டாள். மிசூலாவில் ஒரு சிநேகிதி வீடு. துணிமணி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. போகிற வழியில் கடையில் நிறுத்திப் புதுசு வாங்கி எல்சிக்குப் போட்டுவிட்டு, குழந்தையை ஒரு தடவை காட்டாமல் போனால் என் மனசு கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பி வந்து வாசலில் காரை நிறுத்திப் பின்கதவைத் திறந்தாள். பின்சீட்டிலிருந்து குழந்தை என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"இரு கண்ணு, கை கழுவிட்டு வந்துர்றேன்."

ஓடிப்போய் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். துடைக்கத் துண்டை எடுத்தேன். அதுவும் அந்த மெஷினில் துவைத்ததுதான். குனிந்து பார்த்தேன், போட்டிருந்த சட்டையும்.

சொட்டுகிற கையோடு காரிலிருந்து நாலடி தள்ளி நின்றேன். எல்சி கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். ட்ரூடி என் சட்டையைப் பார்த்துவிட்டுக் கார் கதவைச் சாத்தினாள்.