நான்காம் மாடித் தலைவர்

ஸ்பெயினின் சரகோசாவில் குடிவந்த முதல் வாரமே எனக்கு இரண்டு விஷயங்கள் அமைந்துவிட்டன. காலையில் காபி குடிக்க ஒரு கடை, நாள் முழுக்க வெறுக்க ஓர் ஆள்.

ஆளின் பெயர் எவரிஸ்தோ. என் தலைக்கு மேலே, நான்காம் மாடியில் சொந்த வீடு. ஓய்வுபெற்ற தபால்காரர் என்பதால் கடிதத்தின் மேல் தனிப் பிரியம். என் பெட்டிச் சக்கரம் சத்தம் போட்டதற்கு ஒன்று, கொடியில் ஈரத்துணி சொட்டியதற்கு ஒன்று, அயர்லாந்திலிருந்து வந்த நான் தும்மினால் மாடிவரை கேட்கிறது என்று ஒன்று. எல்லாம் என் வீட்டுச் சொந்தக்காரி காசில்தாவுக்குப் போகும். ஒன்பதாவது கடிதத்தில் அவள் பொறுமை தீர்ந்தது.

“இங்க பாரு ரோனன், இன்னும் ஒரே ஒரு கடுதாசி வந்தாலும் ஜூன்ல ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன். வேற வீடு பாத்துக்க. அப்புறம், வியாழக்கிழமை கட்டடக் கூட்டம். எனக்குப் பதிலா நீ போ, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போய் உக்காரு, வாயைத் திறக்காதே.”

கூட்டம் வாசல் கூடத்தில், தபால்பெட்டிகளுக்கு எதிரே நடந்தது. அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கி வரவேண்டும். கடைசியாக வந்தது, இந்த வருஷத் தலைவர் யார் என்பது. சம்பளம் இல்லாத பதவி. லிஃப்ட் நின்றாலும் குழாய் ஒழுகினாலும் தலைவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். தேர்ந்தெடுத்துவிட்டால் லேசில் கழன்றுகொள்ளவும் முடியாது. எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். எவரிஸ்தோ மட்டும் எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தார்.

“மாத்திரை போடற நேரம். நீங்க பேசிட்டிருங்க.”

“இருபது வருஷமா இதே நேரத்துல இதே மாத்திரை,” என்று பக்கத்தில் இருந்த இரண்டாம் மாடி பெலென் முணுமுணுத்தாள். “அவர் பேரைச் சொல்ல யாருக்குத் தைரியம்? மறுநாளே கடுதாசி வந்துரும்.”

என்மேல் வரவேண்டிய கடிதம் எப்படியும் வரத்தான் போகிறது. கையைத் தூக்கினேன்.

“நான் வெளியூர்க்காரன், இங்கத்த முறை தெரியாது. விதியெல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கறவர்தானே தலைவரா இருக்கணும்? எவரிஸ்தோ ஐயா?”

முதலில் பெலென் கை உயர்ந்தது. பிறகு பதினான்கு கைகள். இந்த ஊரில் எதுவும் இவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

எவரிஸ்தோ வாயைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். “என்ன முடிவாச்சு?”

“வாழ்த்துகள், தலைவரே!” என்றாள் பெலென்.

“என் பேரைச் சொன்னது எந்தப் பாவி?”

பதினைந்து முகவாய்கள் என்னைக் காட்டின.

மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு, அவருடைய தூக்கம் நன்றாகப் பழுத்திருக்கும் வேளையில், மணியடித்தேன்.

“தலைவரே, மூணாம் மாடி பல்பு மினுக்குது.”

“டேய், மனுஷன் தூங்கற நேரம்டா இது!”

“எழுத்துல தரட்டுமா?”

தந்தேன். அடுத்த நாள் லிஃப்ட் கண்ணாடியில் விரல் ரேகை. அதற்கடுத்த நாள் புறா எச்சம். நான் களைத்த நாட்களில் பெலென் போனாள். அவருக்கோ கடிதம் எழுத நேரமே கிடைக்கவில்லை.

ஜூன் முதல் தேதி காசில்தா போன் செய்தாள்.

“எவரிஸ்தோ நேர்லயே வந்துட்டுப் போனார்டா.”

அலமாரி மேலிருந்த பயணப்பெட்டியைப் பார்த்தேன்.

“‘அந்தப் பயலை வெளியே விட்டுடாதே, ஒப்பந்தத்தைப் போடு. என் பதவி முடியட்டும், அப்புறம் அவனை வெச்சுக்கறேன்’னார். அந்த மனுஷனை என்னடா பண்ணினே?”

“மரியாதை பண்ணினேன்.”

அன்றே போய்க் கையெழுத்துப் போட்டேன். இன்னும் ஒரு வருஷம். மணியடிக்க எனக்கும் அவ்வளவு நாள் தேவைப்பட்டது.