ஏர் ஓட்டுவோர் சங்கம்

"நாங்க ஏரோப்ளேன்ல ஏர் பூட்டி உழுவோம்மா. சும்மா கீறுறது இல்ல, ஆழ உழுவோம்!"

விவசாயிகள் குறைதீர்ப்புக் கூட்டத்தில் பலராமன் எழுந்து இப்படிச் சொன்னதும், மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகூட ஒரு கணம் நின்று அவரைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி சுற்றியது.

அவர் அங்கே போய் உட்கார்ந்ததே ஒரு கூத்து. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பலராமனும் லாஸ்பேட்டை நண்பர்கள் சிலரும் ஞாயிறுதோறும் ரிமோட்டில் குட்டி விமானம் விடுகிறவர்கள். லாஸ்பேட்டையில் நிஜ விமானமே இறங்குவதால் அங்கே விட முடியாது. தவளக்குப்பம் பக்கம் ஒரு புறம்போக்குத் திடல்தான் கதி. அதற்கும் இப்போது ஆபத்து. "இவனுங்க ரிமோட்டத் தட்டுனா என் மோட்டார் தானா ஓடுது" என்று பக்கத்து வயல்காரர் அம்மாவாசை புகார் கொடுத்துவிட்டார். அவர் மோட்டாருக்கும் ரிமோட்டுதான்.

தனி ஆளாகப் போனால் எடுபடாது என்று ஒரு டீ ஆறுவதற்குள் சங்கம் பிறந்தது. பெயர் வைத்தவர் பலராமன்: புதுவை ஏர் மாடல் ஓட்டுவோர் சங்கம். "ஏரோன்னு போடுய்யா" என்று செயலாளர் நெடுமாறன் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கேட்டால்தானே? வாசலில் இருந்த ஊழியர் 'மாடலை' விழுங்கிவிட்டு, "ஏர் ஓட்டுவோர் சங்கம், உள்ள வாங்க!" என்று கூவி உழவர் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

வேளாண் அதிகாரி பூர்ணிமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இந்தக் காலத்துல ஏர் ஓட்ட ஒரு சங்கமா!"

அம்மாவாசை துள்ளி எழுந்தார். "அம்மா, இவங்க ஏரு வானத்துல போவுதும்மா!"

கூட்டம் சிரித்தது. "வெயில்ல வந்தீங்களாய்யா? தண்ணி குடிங்க" என்றார் அதிகாரி.

விஷயத்தை விளக்கியிருக்கலாம். நெடுமாறன் சட்டையைப் பிடித்து இழுக்கவும் செய்தார். ஆனால் பலராமனின் நாக்கு ஏற்கெனவே ரன்வேயில் ஓட ஆரம்பித்திருந்தது. அப்போது விட்டதுதான் அந்த ஏர் பூட்டும் கதை.

"உழட்டும்மா, பாப்போம்!" என்றார் அம்மாவாசை. "உழுது காட்டி, என் மோட்டாரும் ஓடலன்னா, புகார நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை நானே வரேன்" என்றார் பூர்ணிமா. "மோட்டார் உங்களாலதான் ஓடுதுன்னா திடலைப் பூட்டச் சொல்லி எழுதிடுவேன்."

வெளியே வந்ததும் நெடுமாறன் வெடித்தார். "யோவ், அது வாயா, வாய்க்காலா?"

"முசியே," என்று பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதை கொடுத்தார் பலராமன். "வாய் சொல்லிடுச்சு. இனிமே ரெக்க பாத்துக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பலராமன் தன் பெரிய விமானத்தின் வாலில் ஒரு சாண் நீள மரக் கலப்பையைக் கட்டிக்கொண்டு வந்தார். சங்கத்து ரிமோட்டுகள் எல்லாம் பழசு. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஆன் செய்தால், யார் பேச்சைக் கேட்பது என்று புரியாமல் விமானம் தலைகுப்புற விழும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு துணி கிளிப். அது யாருடைய ஆன்டெனாவில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் ஆன் செய்யலாம்.

கிளிப்பை மாட்டி, பலராமன் விசையைத் தள்ளினார். விமானம் கடலூரில் இருப்பவன் காதே அடைக்கிற மாதிரி உறுமிக்கொண்டு ஈரமண்ணில் கலப்பையை இழுத்தது. பலராமன் கணக்கில் மூன்று ஏக்கர். மற்றவர்கள் கண்ணுக்கு மூன்று முழம். அதோடு மூக்கைச் சேற்றில் நட்டு நின்றது.

பூர்ணிமா கை தட்டப் போனார். அதற்குள் அம்மாவாசையின் மோட்டார் பொளபொளவென்று தண்ணீர் கக்கியது.

"பாத்தியாம்மா! நான் சொன்னனா இல்லியா!"

இத்தனை வருஷத்து ஆகாயம் ஒரு குழாய்த் தண்ணீரோடு போய்விடும் போலிருந்தது. பலராமன் ரிமோட்டை அணைத்தார். கிளிப்பைக் கழற்றி அம்மாவாசையின் துண்டில் மாட்டினார். "இந்தாய்யா, கிளிப்பு இப்ப ஒங்கிட்ட. எங்காளு எவனும் ஆன் பண்ண மாட்டான். நீ மோட்டார நிறுத்து."

அம்மாவாசை தன் ரிமோட்டை அமுக்கினார். மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடியது. சங்கத்தார் அத்தனை பேரும் போலீஸ் பிடித்த திருடர்களைப் போல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்கள்.

அப்போது நான்கு வரப்பு தள்ளி ஒரு குரல்: "என் மோட்டார எவன்டா நிறுத்திக்கினே இருக்கறது?"

பக்கத்து நிலத்து வடிவேல். டவுனில் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமைதான் தண்ணீர் வைப்பார். கையில் அம்மாவாசையிடம் இருப்பதைப் போலவே ஒரு ரிமோட்.

"ரெண்டு பேரும் எங்கய்யா வாங்கினீங்க?" என்றார் பலராமன்.

"ஒரே கடைலதான். ஜோடியா எடுத்தா கம்மி வெலன்னான்" என்றார் வடிவேல்.

"ஒரே அலைவரிசை!" நெடுமாறன் வரப்பிலேயே ஆடினார். "ஒருத்தர் தட்டுனா ரெண்டும் ஓடுது, ரெண்டும் நிக்குது!"

பூர்ணிமா சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவாசையைக் கேட்டார். "மோட்டாருக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. பாக்கி உங்க வாபஸ்தான். உழவு நடந்துதா இல்லையா? நீங்களே சொல்லுங்கய்யா."

அம்மாவாசை குனிந்து அந்த மூன்று முழச் சாலில் விரலை விட்டு ஆழம் பார்த்தார். சுற்றி நின்ற ஒவ்வொரு முகத்தையும் முறைத்தார். துண்டில் கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது.

"நடந்துதும்மா" என்றார். "ரெக்க வச்ச ஏருதான் உழுதுச்சு. எங்கண்ணால பாத்தேன்."