விருந்தாளி வைஃபை

பிரிண்டரைத் தேடிப் பரக்கத் அலி லேப்டாப்பில் எதையோ தட்ட, திரையில் மனைவியின் பெயர் வந்து நின்றது. அதையும் தட்டினார். சபீனாவின் ஃபோல்டர்கள் வரிசையாக விரிந்தன. கல்யாண போட்டோக்கள், மகள் இக்ராவின் பழைய மார்க்‌ஷீட்டுகள், கல்லூரி வருகைப் பதிவேடு. கடைசி ஃபோல்டரின் பெயர் ‘கேள்வித்தாள்’. பக்கத்தில் ஓர் எண்.

அந்த எண் அவருக்கு மனப்பாடம். பி.ஏ. மூன்றாம் ஆண்டு, தமிழக வரலாறு, இரண்டாம் தாள். தொலைநிலைக் கல்வியில் இன்னும் இரண்டரை மாதத்தில் அவர் எழுதப்போகும் தாள்.

அவர் படிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஐ.டி.ஐ. முடித்ததும் வேலைக்குச் சேர்ந்தவர், வயது நாற்பத்தொன்பது. சபீனா கல்லூரியில் வரலாறு சொல்லித்தருபவள். சில வருடங்களுக்கு முன் அவளுடைய கல்லூரி விழாவில் யாரோ, “சார் என்ன படிச்சிருக்காங்க?” என்று கேட்டபோது, “ரயில்வேல இருக்காங்க” என்று சொல்லிவிட்டுச் சபீனா சட்டென்று பாயசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவர் கோபப்படவில்லை. ஆனால் அடுத்த மூன்று நாளும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனரைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் பதில் கூடவே திரும்பிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் விண்ணப்பம் வாங்கினார். டிகிரியைக் கையில் வாங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

இப்போது அந்த ஃபோல்டரின் மேல் அம்புக்குறி நின்றது. மற்ற பாடமெல்லாம் சமாளித்துவிடலாம். நாயக்கர் காலம்தான் அவருக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. நாயக்கர்கள் ஆண்ட ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், யாருக்குப் பின் யார் வந்தார் என்பது நிற்கவே மாட்டேன் என்றது. ஒரு தட்டு போதும். யாருக்கும் தெரியாது. லேப்டாப்பை மூடலாம் என்று தோன்றியது. மூடினாலும் மறுபடி திறக்கத்தானே போகிறோம் என்றும் தோன்றியது. எழுந்து ஹாலுக்குப் போய், டி.வி.க்குப் பின்னால் கையை விட்டு, மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

உள்ளே இருந்து ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் கிளம்பின.

“அத்தா! டெஸ்ட் எழுதிட்டிருக்கேன்!”

“ஏங்க, கரண்ட் இருக்கே, நெட் எங்க போச்சு?”

சபீனாவும் மகளும் ஹாலுக்கு வந்தபோது அவர் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

“நான்தான் புடுங்கினேன். நீ தயாரிக்கிற கேள்வித்தாள் என் லேப்டாப்ல தெரியுது.”

சபீனா இக்ராவைப் பார்த்தாள். முந்தின நாள்தான் மகள் புதுப் பிரிண்டரை வைஃபையில் சேர்த்து, மூன்று லேப்டாப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி செய்து, இனி யாரும் பென்டிரைவோடு அலைய வேண்டாம் என்று பெருமையாக அறிவித்திருந்தாள். இக்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சரி, அதுக்கு ஏன் பிளக்கப் புடுங்கணும்?” சபீனா சிரித்தாள். “பாத்தாலும் அதுல உங்களுக்கு என்ன புரியப் போகுது?”

“அந்தப் பரீட்சைய எழுதப் போறதே நான்தான்.”

முதலில் சிரித்தது இக்ரா. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அப்ப, ஞாயித்துக்கிழமை ஓவர்டைம்?” என்றாள் சபீனா.

“தபால்ல படிக்கிறவங்களுக்கு நடத்துற காண்டாக்ட் கிளாஸ்.”

“ரெண்டு வருஷமாவா?”

“ரெண்டரை.”

“மார்க்கு?” ஆசிரியையின் வாய் அவளையும் மீறிக் கேட்டுவிட்டது.

“எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ். உலக வரலாறு மட்டும் நாப்பத்தெட்டு.”

சபீனா சோபாவில் உட்கார்ந்தாள். நெருங்கிய உறவினர் யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்த தாள் அது.

“அம்மா, அத்தா ஃபைலத் தொறந்தாங்களான்னு பாத்துடலாம். கடைசியா எப்பத் தொறந்ததுன்னு காட்டும்” என்றாள் இக்ரா.

“வேணாம்.”

“ஒரு நிமிஷந்தாம்மா.”

“வேணாம்னு சொல்றேன்ல. தொறந்திருந்தா அவர் ஏன் பிளக்கோட நிக்கணும்?”

பரக்கத் அலி பிளக்கைக் கீழே வைத்தார்.

தன் செல்போனிலேயே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கிய சபீனா பாதியில் நிறுத்தி, எழுதியதை வாசித்தாள். “என் கணவர் இத்தேர்வை எழுதுவது இன்றுதான் எனக்குத் தெரியவந்தது. இதப் படிச்சா என்னப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

“வீட்டுக்காரர் படிக்கிறார்னு நெனைப்பாங்க.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “அன்னிக்கு விழாவுல நான் சொன்னதுக்காகவா?”

“முதல்ல அதுக்காகத்தான். அப்புறம் புடிச்சுப் போச்சு.”

சபீனா கடிதத்தை முடித்து அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது: வேறொருவர் புதிதாகத் தயாரிப்பார், உடனே தெரிவித்ததற்கு நன்றி.

பிளக்கைப் பிடுங்கிய அன்றைக்கே இக்ரா வீட்டு வைஃபையை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தாள். அம்மாவின் லேப்டாப்பில் கல்லூரிக் கேள்வித்தாள்கள் இன்னும் இருந்தன. ஃபோல்டர்களைப் பகிர்வதை நிறுத்தி, மோடத்தில் இன்னொரு பெயரில் தனி வைஃபை ஒன்றைத் திறந்து, அப்பாவின் லேப்டாப்பை அதில் சேர்த்தாள்.

“தெருவுக்குப் போற வாசல் எல்லாருக்கும் ஒண்ணுதான் அத்தா. ஆனா ஒருத்தர் ரூமுக்குள்ள இன்னொருத்தர் எட்டிப் பாக்க முடியாது. உங்களுக்கு நெட் வரும். நாங்க ரெண்டு பேரும் தெரிய மாட்டோம்.”

“இது என்னம்மா, கெஸ்ட்டுன்னு காட்டுது?”

“வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்களுக்குக் கொடுக்கிற வைஃபை.”

“இருபது வருஷமா இந்த வீட்டுக்கு நான்தான் ரேஷன் வாங்குறேன். நான் விருந்தாளியா?”

“விருந்தாளிக்கு டீ வேணுமான்னு கேளு இக்ரா” என்று அடுப்படியிலிருந்து சபீனாவின் குரல் வந்தது.

விருந்தாளிக்குப் பிரிண்டரும் தெரியவில்லை. பரக்கத் அலி மறுபடி பென்டிரைவோடு மகளின் மேஜைக்கு நடந்தார். ஆனால் இப்போது படிப்பதை ஒளிக்க வேண்டியதில்லை. தாள் கைவிட்டுப் போனதால் சபீனாவும் தாராளமாகச் சொல்லித்தரலாம். இரவுச் சாப்பாட்டில் குழம்புக்கு முன் ஒரு கேள்வி, ரசத்துக்கு முன் ஒரு கேள்வி. தப்பாகச் சொன்னால் அப்பளம் கிடையாது என்று இக்ரா விதி போட்டாள். முதல் வாரம் அவர் அப்பளத்தையே பார்க்கவில்லை.

தேர்வு மையம் ஸ்ரீரங்கத்தில். அன்று காலை சபீனா கல்லூரிக்கு விடுப்பு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். காவிரிப் பாலத்தில் ஏறியதும் டவுன் பஸ் ஒன்றின் பக்கத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. மடியில் விரித்த புத்தகத்தின் பக்கங்களைக் காற்று புரட்ட, அவள் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

“விஜயரங்க சொக்கநாதருக்கு அப்புறம் யாரு?”

“ராணி மீனாட்சி!” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவரும் கத்தினார்.

பஸ் ஜன்னலோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பஸ் கொஞ்சம் நகர்ந்தது. ஸ்கூட்டரும் கூடவே நகர்ந்தது. சபீனா அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பூக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்து முகத்தை வெளியே நீட்டி, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள்.