நெற்றிச் சீட்டும் கறுப்புக் கண்ணாடியும்

பாச்சாங்கில் பவானேஸ்வரி வீட்டில் ஞாயிறு மதியம் தவறாமல் நாங்கள் மூன்று பேர் போக்கர் ஆடுகிறோம். எங்களுடையது நெற்றிப் போக்கர். ஆளுக்கு ஒரே சீட்டு. பார்க்காமல் எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மலாக்கா வெயிலில் அதற்குப் பசை தேவையில்லை. அடுத்தவர் சீட்டு நமக்குத் தெரியும், நம் சீட்டு நமக்குத் தெரியாது. நம்முடையதுதான் பெரியது என்று நம்பினால் நிற்கலாம், பயந்தால் கவிழ்த்துவிட்டு விலகலாம். பந்தயம் கச்சாங், அதாவது வறுத்த கடலை.

இதில் நான் தொடர்ந்து நான்கு வாரம் ஜெயித்தேன். இருளாண்டி என்ற பெயர் பெம்பான் ஊர் வரை பரவியது. முப்பது வருடம் பஸ் ஓட்டியபோது கிடைக்காத புகழ். கச்சாங் விற்கிறவர் என்னைக் கண்டால் எழுந்து நின்றார். முதலிலிருந்தே அவர் நின்றுகொண்டுதான் இருந்தார், அது வேறு விஷயம்.

ரகசியம் இதுதான்: எங்கள் மூன்றாவது ஆள் பிச்சைமுத்து அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியில், எதிரே உட்கார்ந்த என் நெற்றிச் சீட்டு சினிமாத் திரை மாதிரி தெரிந்தது.

ஐந்தாவது வாரத்துப் பரிசு, பவானேஸ்வரியின் மாமா தோட்டத்தில் முதலில் விழுந்த டுரியான் பழம். கன்றுக்குட்டி அளவு இருக்கும். வீட்டில் எனக்கு ராத்திரி சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டே கிளம்பினேன்.

பிச்சைமுத்து அண்ணன் வந்தார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

"டாக்டர் போதும்னுட்டாரு" என்றார்.

நான் அவர் சட்டைப் பையைக் காட்டினேன். "டாக்டருக்கு என்னண்ணே தெரியும். ஃபேன் காத்து கண்ணுக்கு ஆகாது. போட்டுக்குங்க."

"ஃபேனே ஓடலையே தம்பி."

"ஓடுனா?"

பவானேஸ்வரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போன மாசம் அண்ணன் ஆஸ்பத்திரில கெடந்தப்போ எட்டிப் பாக்கல. இப்ப என்ன இவ்ளோ பாசம்? எழுந்திரிங்கலா."

என் நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஒரு சீட்டை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள்.

"கிங்" என்றாள். கிங்தான்.

பிறகு தீர்ப்பு வந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரே ஆட்டம். நின்று தோற்றவர் அடுத்த மாதம் முழுக்க எல்லோருக்கும் கச்சாங் வாங்கிவர வேண்டும். நிற்பதா கவிழ்ப்பதா என்று முதலில் சொல்ல வேண்டியது நான்.

அண்ணன் நெற்றியில் குயின். பவானேஸ்வரி நெற்றியில் நாலு. என் நெற்றியில் என்ன? இருவர் முகத்தையும் பார்த்தேன். என்னைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ரெண்டாகத்தான் இருக்கும். கவிழ்த்தேன்.

ஏஸ். கட்டிலேயே பெரிய சீட்டு.

அண்ணன் நின்றார். பவானேஸ்வரி கவிழ்த்தாள். டுரியான் அண்ணனுக்குப் போனது.

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

"ஏஸை ஒட்டிக்கிட்டு அழுவுற மூஞ்சியப் பார்த்தா சிரிப்பு வராதாண்ணே?" என்றாள் பவானேஸ்வரி.

அண்ணன் பழத்தைப் பிளந்து அவளுக்கும் பங்கு வைத்தார். எனக்குத் தண்டனை, அவர்கள் தின்று முடிக்கும்வரை கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது. அந்த வாசனை இருக்கிறதே, இருபது கிலோமீட்டர் தாண்டி அலோர் காஜாவில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கே எச்சில் ஊறியிருக்கும்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கண்ணே. பல்லுல ஒட்டிக்கிச்சு, உங்க கண்ணாடியில பாத்து எடுக்கறேன்" என்றாள் பவானேஸ்வரி.

திரும்பினேன். வாயைத் திறந்தபடியே திரும்பினேன்.