மூப்பர் படுத்திருந்த திசை

அந்த மலையூரில் இறந்தவர்களைக் கால் கிழக்கே இருக்கும்படிதான் புதைப்பார்கள். கடைசி நாளில் எழுந்து உட்கார்ந்தால் முகம் சூரியனைப் பார்க்க வேண்டும். போதகரை மட்டும் எதிர்த்திசையில் வைப்பதுண்டு. எழும்போது அவர் தம் சபையைப் பார்த்தபடி எழ வேண்டுமாம். போதகராக இல்லாமலே அந்த மரியாதையைப் பெற்றவர் சபை மூப்பர் எலிஃபலெட் தேயர் ஒருவர்தான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இங்கிலாந்து ராஜாவின் ஆட்சி நடந்த காலத்தில் இறந்தவர்.

அவர் வம்சத்தில் ஊரில் மிச்சமிருந்தது வினிஃப்ரெட் அம்மாள் மட்டும்தான். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாதவள். மூப்பர் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார், தேவாலயத்துக்கு எந்தக் குன்றின் மரத்தைக் கொடுத்தார் என்று பாதி ஆயுளைச் செலவழித்துத் தேடி வைத்திருந்தாள். வருகிற ஞாயிறன்று தேவாலயச் சுவரில் அவருக்கு ஒரு வெண்கலப் பலகை திறப்பதாக ஏற்பாடு. ‘தம் சபையை நோக்கிப் படுத்திருக்கிறார்’ என்ற கடைசி வரி அம்மாள் எழுதியது.

அந்த வாரம் பார்த்து, பனி உருகி, மூப்பரின் கல்லறை உள்வாங்கியது. மண்ணைத் திருத்துமுன் எலும்பாராய்ச்சி தெரிந்தவர் பார்க்க வேண்டும் என்பதால் பல்கலைக்கழகத்திலிருந்து நோரா கெல்சி வந்தாள்.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆல்டன் பைக் மண்வெட்டியில் சாய்ந்து நின்றான். தேயர் குடும்பத்துக்கும் பைக் குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஆகாது.

“மூப்பர் புரண்டு படுக்கிறாரு போல. பலகையில ஏதாச்சும் தப்பா எழுதிட்டீங்களா, தேயரம்மா?”

“உங்க ஆளுங்க கடைசி நாள்லகூட எந்திரிக்க மாட்டாங்க, ஆல்டன். அவ்வளவு சோம்பேறிங்க.”

மூடுபனி நடுப்பகலிலும் விலகவில்லை. குழிக்குள் முதலில் தட்டுப்பட்டவை கனத்த பலகைக்கற்கள். சவப்பெட்டியின் மேல் யாரோ அடுக்கிவைத்தவை. அவற்றின் கீழே மரம் மக்கிப்போயிருந்தாலும், பித்தளை ஆணிகளால் பதித்த மூப்பரின் முதலெழுத்துகள் மண்ணில் அப்படியே கிடந்தன. நோரா தூரிகையால் மண்ணை மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

மண்டையோடு கழுத்தில் இல்லை. நெஞ்சின் மேல் இருந்தது. அதன் கீழே இரண்டு தொடையெலும்புகளும் பெருக்கல் குறிபோலக் கிடந்தன. விலா எலும்புகள் உள்நோக்கி உடைக்கப்பட்டிருந்தன.

நோரா குரலைத் தாழ்த்தி விளக்கினாள். புதைத்த அன்று செய்தது அல்ல இது. சதை போனபிறகு திறந்து செய்திருக்கிறார்கள். எலும்புருக்கி நோய் ஒரு வீட்டையே ஒவ்வொருவராக வாரிக்கொண்டு போகும்போது, முதலில் செத்தவர் குழிக்குள்ளிருந்து மற்றவர்களைத் தின்கிறார் என்று இந்த மலைப்பக்கத்தில் நம்பினார்கள். இதயத்தைத் தேடி எரிப்பார்கள். அது மக்கிப்போயிருந்தால், எழுந்து நடக்க முடியாதபடி எலும்புகளைக் கலைப்பார்கள். வீட்டுக்கு வழி தெரியாதிருக்கப் பெட்டியையும் இப்படி எதிர்த்திசையில் திருப்பி வைப்பார்கள்.

அம்மாள் பக்கத்து வரிசையைப் பார்த்தாள். மூப்பரின் மனைவி. பிறகு பிள்ளைகள் லோவிசா, ஜோயல், டார்கஸ். மூப்பர் போன சில வருஷங்களுக்குள் எல்லோரும். அதன்பின் அந்த வீட்டில் சாவே இல்லை. மிஞ்சியவன் கடைக்குட்டி ஏசா மட்டும். அவன் வழியில் வந்தவள்தான் இவள். அப்பாவின் குழியைத் தோண்ட அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

ஆல்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் கேலி செய்யாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நோரா ஒரு தொடையெலும்பை எடுத்து அதன் இடத்தில் நேராக வைத்தாள். “எல்லாத்தையும் இப்படியே ஒழுங்கா அடுக்கி, இதே திசையில மூடிடலாம். உங்க பலகையும் நிக்கும். நாங்க ரெண்டு பேரும் வாயத் திறக்க மாட்டோம்.”

அம்மாள் குழியின் விளிம்புக்கு வந்தாள்.

“வேணாம். எப்படி இருந்துதோ அப்படியே வை.”

“நீங்க இதையெல்லாம் நம்புறீங்களா?”

“நான் நம்புறனாங்கறது முக்கியமில்ல. ஏசா நம்பினான். பொழைச்சான். அதான் நான் இங்க நிக்கிறேன்.” ஆல்டனிடம் திரும்பினாள். “பலகை மாட்ட வேணாம்னு போதகர்கிட்ட சொல்லிடு. ஏன்னு கேட்டா, நடந்ததைச் சொல்லு. தேயர் வீட்டுல பொய் சொல்ற வழக்கம் கிடையாது.”

நோரா தயங்கி நின்றாள். அம்மாள் யார் கையையும் பிடிக்காமல் ஈரமண்ணில் முழங்காலிட்டு, குழிக்குள் குனிந்து, நேராக வைத்த அந்த எலும்பைத் தானே எடுத்தாள். குளிரில் அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

எலும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. அதை மற்றதன் குறுக்கே அழுத்தி வைத்துவிட்டு, “மூடு, ஆல்டன். சீக்கிரம்” என்றாள்.