நாலாவது இடம்

ட்ரெய்லர் விற்கும் யார்டில் அவருக்கு டொக்கு மாமா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவருடைய பழைய ஜீப் கேட்டுக்குள் திரும்பும்போதே உள்ளே ஒருவன், "டொக்கு வந்துட்டாருய்யா, இன்னைக்குப் பொழுது போச்சு" என்பான். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விழுந்தால் விழட்டும். விற்கிறவனிடம் நல்ல பேர் வாங்குகிறவன் ஓட்டை வண்டியைத்தான் வாங்குவான் என்பது அவர் கட்சி.

பேர் வந்தது அவர் சட்டைப் பையிலிருந்த சின்னச் சுத்தியலால். நாற்பது வருஷம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாட்டியவர். வீட்டு முன்பக்கமே பட்டறை. எந்த வண்டியானாலும் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார். நேரே மல்லாந்து அடியில் போய்விடுவார். நாலு இடத்தில் தட்டுவார். இடது பட்டை தொங்கும் இடம், வலது பட்டை தொங்கும் இடம், நடு அச்சு, கடைசியாக சேஸிஸ் மூட்டு, ட்ரெய்லரானால் இழுவைத் தண்டு சேஸிஸோடு சேரும் மூட்டு. நல்ல இரும்பு 'ணங்' என்று பதில் சொல்லும். உள்ளே விரிசல் விட்டது உடைந்த பானை மாதிரி 'டொக்' என்னும். பெயின்ட் பொய் சொல்லும், புட்டி பொய் சொல்லும், விற்கிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரும்புக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், முப்பத்தொரு வயது மகன், ஒரே மகன், இப்படித்தான் ஒரு பழைய கேம்பர் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். பெரிய விஷயமில்லை, ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போகிற ஒரு பெட்டி. உள்ளே படுக்கை, பின்னால் அடுப்பு, அடியில் தண்ணீர்த் தொட்டி. ரோடு முடிந்த பிறகும் போகலாம் என்பதுதான் அதில் விசேஷம்.

"அப்பா, ஒரு தடவை பாத்துருங்க" என்றான்.

அவர் அடியில் போனார். மூன்று இடம் தட்டினார். மூன்றும் 'ணங்'. அப்போது உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிடும் குரல் வந்தது. சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். சாப்பிட்டு வந்ததும் மகன் கேட்டான், "போலாமாப்பா?"

"தாராளமா போ. ஒண்ணும் ஆகாது."

மூன்றாம் நாள், வெள்ளைச் சமவெளிக்குப் போகும் வழியில், ஒரு கல்மேட்டில் ஜீப் திணறி நின்றது. ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க மகன் இறங்கிப் பின்னால் போனான். குனிந்திருந்தான். இழுவைத் தண்டு மூட்டோடு பெயர்ந்தது. பெட்டி அவன் மேலேயே பின்னால் உருண்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் ஒன்றைத்தான் சொன்னார். "எல்லாம் தட்டிப் பாத்துத்தான் அனுப்பினேன்." யாரும் மறுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நிஜத்தைச் சொல்லியிருப்பார். நாலாவது இடத்தைத் தட்டவில்லை என்பது அவருக்கும் அந்தச் சுத்தியலுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

மகனுடன் போன நண்பர்களில் ஒருவன் மகனுடைய செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தான். கடைசிப் படம் அந்த மேட்டின் வளைவிலிருந்து எடுத்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. உப்பு பூத்த நிலம். "அம்மாவுக்குக் காட்டணும்னு எடுத்தான்" என்றான் நண்பன். அன்றிலிருந்து அவருடைய மனைவிக்கு அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். போக மூன்று நாள். கடைசி ஒரு நாள் வழியில் கடையும் கிடையாது, கூரையும் கிடையாது. தரையில் படுத்தால் அவள் முட்டி மறுநாள் எழுந்திருக்க விடாது. மழை விழுந்தால் வழியே மூடிவிடும். ஆகவே மழைக்கு முன்னால், கைக்கு அடங்கிய விலையில், ஒரு ட்ரெய்லர்.

அந்தத் தேடலில்தான் இரண்டு மழை போனது. பத்து ட்ரெய்லர் பார்த்தாயிற்று. மேலே துணிக்கூடாரம் விரியும் ட்ரெய்லருக்கு ஏணி, அவளால் ஏற முடியாது. இன்னொன்றின் கதவிடுக்கில் விரல் போகும், அரை மைல் புழுதியில் உள்ளே படுத்திருப்பவர் சிலையாகிவிடுவார். அதெல்லாம் நியாயமான குறை. மற்றவற்றுக்கு அவர் சொன்ன குறை அவருக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது.

பதினோராவது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கெட்டித் தகரம், பெரிய சக்கரம், ஜீப்பின் சக்கரமே இதற்கும் பொருந்தும். ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் போதும். மனைவியின் தம்பியும் அன்று கூட வந்திருந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

அவர் அடியில் போனார். அவள் எப்போதும்போல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்ப்பாள், பிறகு படுத்துப் பார்ப்பாள். அவளுடைய பரிசோதனை அவ்வளவுதான்.

ணங். ணங். ணங். ணங்.

நாலும் மணி அடித்த மாதிரி இருந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அடியிலேயே கிடந்தார்.

"என்ன மாமா, தூங்கிட்டீங்களா?" என்றான் மைத்துனன். "படுக்கை மேல இருக்கு, நீங்க கீழ படுத்திருக்கீங்க."

அவர் முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மூட்டுல வெல்டிங் புதுசா இருக்கு."

யார்டுக்காரன் தலையைச் சொறிந்தான். "புதுசா இருந்தா நல்லதுதானேங்க?"

"ஏன் புதுசா போட்டான்? பழசு விட்டுப்போச்சு, அதான் போட்டான்."

"போன மாசம் ஒண்ணுல வெல்டிங் பழசா இருக்குன்னுதானே வேண்டாம்னீங்க?"

"ஆமா. அது பழசு."

"அப்ப எந்த வயசு வெல்டிங்தாங்க வேணும்?"

மைத்துனன் சிரித்துவிட்டான். "மாமா, நீங்க இப்படிப் பொண்ணு பாத்திருந்தா எங்கக்கா இன்னும் எங்க வீட்டுலதான் இருந்திருக்கும். நல்லவேளை, அன்னைக்கு உங்க கையில சுத்தி இல்ல."

"வாயை மூடு மாப்ளே."

அவள் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "தலைமாட்டுல ஒரு ஜன்னல் இருக்குங்க. படுத்தபடியே வெளிய தெரியுது."

"இது வேண்டாம். உடையும்."

அவள் அவரைப் பார்த்தாள்.  வீடு வந்து ஜீப்பிலிருந்து இறங்கும்போது, "மழைக்கு இன்னும் ஏழு வாரம்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் முடி வெட்டிக்கொண்டு திரும்பியவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். பட்டறை வாசலில், எண்ணெய்க் கறை படிந்த அதே சிமென்ட் தரையில், அந்தச் சாம்பல் நிறப் பெட்டி நின்றது. மைத்துனன் செங்கல்லை உதைத்துச் சக்கரத்துக்கு அணை கொடுத்துக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும், "எனக்கு ஒரு வேலை இருக்கு அக்கா" என்று பதில் வருவதற்குள் நடையைக் கட்டினான். அவனுக்கு எந்த வேலையும் கிடையாது.

"யாரைக் கேட்டு வாங்கினே?"

"உங்களைக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு." அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "இந்த வருஷம் போகலேன்னா அப்புறம் என் முட்டி வராது. என்னைத் தூக்கிட்டுதான் போகணும்."

"அது உடையும்னு சொன்னேன்ல."

"எங்க உடையும்?"

"எங்கயோ உடையும்! இரும்புதானே?"

"எங்கன்னு சொல்லுங்க. நான் உள்ள படுத்துக் கேட்டுட்டுதான் இருந்தேன். நாலும் நல்ல சத்தம்."

"உனக்கு என்னடி தெரியும் சத்தத்தைப் பத்தி?"

"நாப்பது வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னாடிதான் நின்னு சமைச்சேன்" என்று அவள் பட்டறையை ஒட்டிய சமையலறை ஜன்னலைக் காட்டினாள். "ஒவ்வொரு லாரிக்கும் நாலு சத்தம். எண்ணணும்னு எண்ணல. தானா காதுல விழும்." மூன்று விரலைக் காட்டினாள். "அவன் வண்டிக்கு மூணுதான் கேட்டுச்சு."

அவர் பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். தெருவில் ஒருவன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனான். 

"தெரிஞ்சா இத்தனை நாள் இருந்தே?"

"தெரிஞ்சுதான்."

"ஒரு வார்த்தை கேக்கலையே. அடிச்சிருக்கலாமே என்னை."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது?" அவள் அந்தச் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். "மூணாவது சத்தம் கேட்டதும் நான்தானே கத்தினேன், சாப்பாடு ஆறுது வாங்கன்னு. நாலாவது வரட்டும்னு ஒரு நிமிஷம் பொறுத்தேனா? என் சாப்பாடு ஆறுனா என்ன குடி முழுகிடும்? அன்னைக்கு அவன் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் அதுல சந்தோஷப்பட்டுக்கிட்டு நின்னேன்."

"நீ கூப்பிட்டே. எந்திரிச்சு வந்தது நான்."

"நான் கூப்பிடாம இருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"கூப்பிட்டா வரணும்னு சட்டமா? சுத்தி என் கையிலதானே இருந்துச்சு?"

இப்படி ஒரே பழியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தன் பக்கமே இழுத்தார்கள். விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. பிள்ளை போன பிறகு கையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கடைசியில் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு, நாற்பது வருஷம் அவள் கேட்டிராத ஒரு சத்தத்தில் அழுதார். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். முட்டியால் உட்கார முடியாது, அதனால் நின்றாள்.

பிறகு அவர் பையில் கையை விட்டுச் சுத்தியலை எடுத்தாள். ட்ரெய்லரின் முன்பக்கம் போய், பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக் குனிந்தாள்.

"எந்த இடம்?"

"இன்னும் கொஞ்சம் உள்ள. அந்த முக்கோணம் சேருதில்ல, அங்க."

அவள் தட்டினாள். ணங்.

"நல்லா இருக்கா?"

"ம்."

"வாயைத் திறந்து சொல்லுங்க. அவன்கிட்ட சொன்னீங்கல்ல, அப்படிச் சொல்லுங்க."

அவர் டயரிலிருந்து எழுந்து வந்தார். "போகலாம்" என்றார். 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்துப் புறப்பட்டார்கள். வழி நெடுக, பத்து மைலுக்கு ஒரு தடவை ஜீப்பை நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போவார், நாலு இடம் தட்டுவார், வந்து உட்காருவார். அவள் முன் சீட்டில் மடியில் கையைக் கோத்துக்கொண்டு காத்திருப்பாள். இரண்டாம் நாள் சக்கரத்தடம் மட்டும்தான் வழி என்று ஆனது. புழுதி பின்னால் சுவர் மாதிரி எழுந்தது. ஆனால் பெட்டிக்குள் ஒரு தூசி இல்லை. அதற்காக அவர் யார்டுக்காரனை ஒரு வார்த்தை பாராட்டியது அதிசயம்தான். "திருடன்தான். ஆனா கதவு ரப்பர் நல்லதா போட்டிருக்கான்."

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த மேட்டுக்கு வந்தார்கள். மேட்டின் அடியில் அவள் இறங்கிக்கொண்டாள். "நீங்க ஓட்டுங்க. நான் நடந்து வரேன். வண்டிக்குப் பின்னாடி வர மாட்டேன், பயப்படாதீங்க." முட்டியோடு அந்த மேட்டை ஏற அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவர் மேலே வளைவில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கடைசித் தூரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவன் விழுந்த இடத்தில் அடையாளத்துக்கு நண்பர்கள் அடுக்கி வைத்ததாகச் சொன்ன கற்குவியல் இல்லை. யாரோ தங்கள் வண்டி ஏற அந்தக் கற்களை எடுத்துக் குழியில் போட்டிருந்தார்கள். எந்த இடம் என்று இரண்டு பேரும் தேடினார்கள். தெரியவில்லை. எல்லாம் ஒரே கல்லாக இருந்தது. அவள் செல்போன் படத்தை முன்னால் பிடித்து, முன்னும் பின்னும் நகர்ந்து, படமும் நிலமும் ஒன்றாகிற இடத்தில் நின்றாள். அங்கேயே நின்றாள், வெள்ளை மங்கிச் சாம்பலாகும்வரை.

மறுநாள் காலை, வண்டியின் பின்கதவை இறக்கி அடுப்பை மூட்டிச் சமைத்தாள். மூன்று பேருக்குச் சமைத்தது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு தட்டில் எடுத்து வைத்தாள். காற்று அடித்தது. அவர் எப்போதும்போல் அடியில் போயிருந்தார். தேய்ந்த பூட்ஸ் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

ணங். ணங். ணங்.

அவள் நிமிர்ந்தாள். நாலாவது வரவில்லை. பூட்ஸ் அசையவில்லை. அவர் அந்த மூட்டில் கையை வைத்துக்கொண்டு கிடக்கிறார் என்பது பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

தட்டின் மேல் ஆவி குறைந்தது. பிறகு நின்றது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிடவில்லை.