சரிங்க மாஸ்டர்

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லி வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொடுத்தார் முத்தையன் சித்தப்பா. செந்தில்குமார் குனிந்தான். அப்பாவின் இடது குதிகாலில் கை பட்டதும் முடிச்சு நழுவியது. நேற்றுக் காலையில் அதே குதிகாலைத்தான் தன் காலால் தட்டியிருந்தான்.

காரைக்காலில் கராத்தே வகுப்பு நடத்துகிறவன் அவன். மின்துறையில் ஓய்வு பெற்ற அப்பா சோமசேகரன், ஆறு மாதமாக அவனிடமே கற்கும் வெள்ளை பெல்ட் மாணவர். அடிப்படைகளைத் திருத்துவதற்கென்று புதுச்சேரியிலிருந்து பெரிய மாஸ்டர் வந்து நடத்தும் இரண்டு நாள் முகாம் நேற்றுத்தான் தொடங்கியது. முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நின்று குத்த வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் அப்பாவின் பின்குதிகால் எழும்பியது. பெரிய மாஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார். இவனுக்குச் சுருக்கென்றது. போய் அந்தக் குதிகாலைத் தன் காலால் தட்டினான்.

"குதிகால் தூக்குது. எத்தனை தடவ சொல்றது?"

கூடம் முழுக்கக் கேட்டது.

"சரிங்க மாஸ்டர்" என்றார் அப்பா.

வகுப்பில் எல்லோரும் சொல்வதுதான். அப்பா மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை, "சரிப்பா" என்பார். தேநீர் இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அந்த 'சரிங்க மாஸ்டர்' கேலியா, கோபமா, நிஜமாகவே பணிந்து சொன்னதா? நேற்றிலிருந்து அந்த இரண்டு சொற்களையும் வெவ்வேறு குரலில் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறான்; பிடிபடவில்லை.

"அறுபத்தோரு வயசுல அண்ணனுக்கு எதுக்குடா குத்தும் உதையும்?" என்றார் சித்தப்பா.

தலைமாட்டில் இருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: "வீட்ல இவன் எங்க பேசுறான்? அங்கன்னா ரெண்டு வார்த்தை பேசுவான்னு போனாரு."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

"கும்பிட்டுக்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். செந்தில்குமார் குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தான்.

"என்னடா இது, கராத்தே கிளாஸா? விழுந்து கும்பிடுடா!" என்றார் சித்தப்பா.

விழுந்தான். எழுந்தபோது வாசலில் அப்துல் லத்தீப் பாய் நின்றார். முகாமில் அப்பாவுக்கு ஜோடி அவர்தான். அப்பா கழற்றி வைத்த சட்டையும் கண்ணாடியும் அவர் கையிலிருந்த துணிப்பையில் இருந்தன. பையை வாங்கிக்கொண்டு அவரைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துப் போனான்.

"பாய், நேத்து அப்பா 'சரிங்க மாஸ்டர்'னாரே... கோவமாவா சொன்னாரு?"

லத்தீப் பாய் யோசித்தார். "பொய் சொல்லக் கூடாது தம்பி. நான் என் காலயே பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குச் சரியா கேக்கல."

செந்தில்குமார் தலைகுனிந்தான்.

"ஆனா டீ குடிக்கப் போனோம்ல, கிளாஸக் கீழ வச்சிட்டு மறுபடியும் அதே மாதிரி நின்னாரு. 'பாய், குதிகால் ஒட்டுதா பாருங்க'ன்னாரு. குனிஞ்சு பாத்தேன். ஒட்டித்தான் இருந்திச்சு. சொன்னேன். 'அப்பாடா'ன்னு உக்காந்தாரு. அதுக்கப்புறம்தான்..."

தான் சொன்னதற்காகத்தான் நின்றாரா? நின்றதனால்தான் நெஞ்சு வலித்ததா?

"மனசு நொந்தவரு இன்னொரு தரம் நின்னு பாப்பாரா தம்பி? அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றார் லத்தீப் பாய்.

பாடையைத் தூக்க நாலாவது ஆளாக அவரே வந்து நின்றார். மற்ற மூவரும் நெட்டை. அவர் பக்கம் சரிந்தது. "ஒரு நிமிஷங்க" என்று துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்து, அதன்மேல் மூங்கிலைத் தாங்கிக்கொண்டார். பாடை மட்டமாயிற்று.

கொள்ளிச்சட்டியுடன் முன்னால் நின்ற செந்தில்குமார் அதைப் பார்த்தான். பிறகு தெருப்பக்கம் திரும்பி, அந்தக் குள்ளமான மனிதருக்கு ஏற்றபடி, சின்னச் சின்ன எட்டாக வைத்து நடந்தான்.